பிரின்சி நிற்கும் பக்கம் சாயும் தரை

பிரின்சி எங்கே நின்றாலும் அந்த இடத்தை நோக்கித் தரை கொஞ்சம் சாயும். அதிகமாக இல்லை, ஆடுகிற மேசையின் ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. நடந்து போகிறவர்களுக்குத் தெரியாது, சுவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உருளக்கூடிய எதுவும் அவள் காலடிக்கு வந்து சேர்ந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கம், மதில் சுவரை ஒட்டிய காலனியில் இதை முதலில் கவனித்தவள் அவளுடைய அம்மா சின்னப்பொண்ணு. குழந்தை உட்காரப் பழகிய வாரத்தில், சமையற்கட்டில் கொட்டி வைத்திருந்த வெங்காயம் ஒவ்வொன்றாகக் கிளம்பி, நிலைப்படியைத் தாண்டி, முன்னறையில் உட்கார்ந்திருந்த குழந்தையைச் சுற்றிக் கூடிவிட்டது. சின்னப்பொண்ணு வெங்காயத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டு, கூடைக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா குழந்தையின் காது, கண், முட்டி எல்லாவற்றையும் பார்த்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை, தரைக்குத்தான் ஏதோ என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

வளர வளரத் தொந்தரவும் வளர்ந்தது. கடைத்தெருவில் தக்காளி வண்டிக்காரர்கள் அவள் வருவதைப் பார்த்தால் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். ஆடி மாதம் பக்கத்து வீட்டாரோடு பெரியபாளையத்துக்குப் போனபோது, கோயில் வாசலில் குவித்து வைத்திருந்த எலுமிச்சம்பழம் மொத்தமும் சரிந்து ஓடி வந்து அந்தக் கிறிஸ்தவக் குழந்தையின் செருப்பைச் சுற்றி நின்றது. வேப்பிலைச் சேலை கட்டியிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா கூப்பிடுகிறாள் என்றார்கள். "ஆத்தா ஒண்ணும் கூப்புடல, பழந்தான் இவகிட்ட வருது. கொஞ்சம் வழி உடுங்க," என்று சின்னப்பொண்ணு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அப்பா அன்பு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்தார். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் மாதிரியே அவரும் குடும்பத்தை ஆலைக்குள் அழைத்துப் போனார். பொட்டு வைத்து மாலை போட்ட இயந்திரங்களுக்கு நடுவே பிரின்சி பொரியை மென்றுகொண்டு நின்றபோது, அடுக்கி வைத்திருந்த உருட்டுக் கம்பிகள் மெதுவாக ஒன்றின் மேல் ஒன்று ஏறத் தொடங்கின. யாருக்கும் அடி இல்லை. சூப்பர்வைசர் மட்டும், அடுத்த வருஷம் பாப்பாவுக்குப் பொரியை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்று பணிவாகச் சொன்னார். அனுப்பவும் செய்தார்கள்.

காலனிக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு பொட்டல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒப்பந்தத் தொழிலாளிகள் அங்கே கால்பந்து ஆடுவார்கள். ஓரமாக வேடிக்கை பார்த்த சிறுமியிடம் பந்து ஓடி ஓடி வந்தது. முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு தள்ளிப் போய் நில் என்றார்கள். அவள் தள்ளிப் போனாள். பந்தும் தள்ளி வந்தது. காலால் தள்ளிவிட்டாள், கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. அப்போதுதான் அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். தரைதான் சாய்கிறது, காற்று சாய்வதில்லை. பெருவிரலைப் பந்துக்கு அடியில் கொடுத்து எத்தினால் பந்து மேலே எழும்பி, எங்கே அனுப்புகிறோமோ அங்கே போகிறது. போன பந்தை யாராவது உடனே காலில் நிறுத்திக்கொண்டால் சரி, இல்லையென்றால் திரும்ப வரும். ஆகவே யார் நிறுத்துவார், யார் விட்டுவிடுவார் என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. மற்றவர்கள் பந்தை வாங்கக் கற்றுக்கொண்டு ஆட்டத்துக்கு வருகிறார்கள். பிரின்சி, பந்தைத் தொலைத்துத் தலைமுழுகக் கற்றுக்கொண்டு வந்தாள். பத்து வயதில் அந்தப் பொட்டலின் எந்த மூலையில் யார் நிற்கிறார் என்பது முதுகுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூட அணியில் முதலில் அவளைக் கோல்கீப்பராக நிறுத்தினார்கள். ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. ஆனால் எதிர் முனைக்குப் போன பந்துகளும் மனம் மாறித் திரும்பி வந்ததால் அந்த ஆண்டு அவர்கள் ஆடிய எல்லா ஆட்டமும் கோல் இல்லாமலே முடிந்தது. முன்னால் நிறுத்தினார்கள், பந்து வருவதற்குள் ஆஃப்சைடு கொடி வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் நடுவில் விட்டார்கள். விட்ட அன்றே பந்தும் அவளும் மைதானமும் ஒரு வழிக்கு வந்தன.

அதே அணியில் முன்னால் ஓடுகிறவள் சுமலதா. பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா மோகன்ராஜுக்குக் கால்வாயை ஒட்டி நெல் வயல் இருந்தது. பிரின்சியின் பாட்டன் பூட்டன் எல்லாரும் கூலிக்கு இறங்கிய வயல்களில் அதுவும் ஒன்று. சுமலதா உயரம், வேகம், கோபம் மூன்றிலும் முதலாவதாக இருந்தாள். முதல் நாளே பிரின்சியின் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாடி, எல்லாப் பந்தும் உனுக்கே வருது? மந்திரம் கிந்திரம் வச்சினு கீறியா?"

"எனுக்கு வர்றத நான் எங்கடி வச்சிக்கறேன்? ஒனக்குத்தான குடுக்கறேன். ஓடிப் போயி நில்லு, வரும்."

சுமலதா ஓடிப் போய் நின்றாள். வந்தது. மார்பில் வாங்கி, தரையில் விழவிடாமல் அடித்தாள். பிறகு இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். கோபத்தை மட்டும் சுமலதா விடவில்லை. அது அவளுக்கு ஓடுவதற்குத் தேவைப்பட்டது.

மாநில முகாமுக்கு இருவரையும் தேர்ந்தெடுத்தபோது மோகன்ராஜ் அனுப்ப மறுத்தார். வயசுப் பெண் அரைக்கால் சட்டையோடு ஊர் ஊராகப் போவதா என்பது ஒன்று. காலனிப் பெண்ணோடு ஒரே அறையில் தங்குவதா என்பது அவர் சொல்லாமல் விட்ட இன்னொன்று. சுமலதா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அந்த வருஷம் கோடைப் போகத்துக்குக் கால்வாயில் தண்ணீர் குறைவு. தலைமடைக்காரர்கள் வாங்கியது போக, மோகன்ராஜின் கடைசி வயல்களுக்கு ஈரம்கூட எட்டவில்லை. பயிர் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. உருளுகிற பொருளைப் போலவே ஓடுகிற தண்ணீரும் பிரின்சி நிற்கும் பக்கம்தான் வரும் என்பது அதற்குள் ஊருக்குத் தெரிந்த விஷயம். ஒருநாள் காலை அவர் வண்டி காலனிக்குள் வந்தது.

மோகன்ராஜ் வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னார். "உம்பொண்ண ரெண்டு நாளைக்கு அனுப்புமா. கழனியில சும்மா நின்னா போதும். கூலி குடுத்துடறேன்."

சின்னப்பொண்ணு குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க மாமியாரு அந்தக் கழனிலதான் களை பறிச்சாங்க அய்யா. சோறு வரப்புல குடுத்தீங்க. எம்பொண்ணு வந்து நிப்பா. கூலி வாணாம். நின்னு முடிச்சிட்டு உங்க ஊட்டுக்குள்ள வந்து, உங்க பொண்ணு பக்கத்துல குந்தி சாப்புடுவா. அப்பறம் ரெண்டு பேரும் ஒண்ணா கேம்புக்குப் போவாங்க. இதுக்கு சரின்னா இட்டுக்கினு போங்க."

மோகன்ராஜ் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பயிர் இன்னும் கொஞ்சம் மஞ்சளானது. இரண்டாம் நாள் திரும்பி வந்தார். இந்தத் தடவை இறங்கினார். பிரின்சி போய் வயலின் கடைக்கோடியில், பாடப் புத்தகத்தை வைத்துப் படித்தபடி நின்றாள். முதலில் வரப்பு ஓரமாக ஒரு பளபளப்பு தெரிந்தது. பிறகு கால்வாய் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. தவளைகள் வந்தன. மத்தியானத்துக்குள் கணுக்கால் நனைந்தது, அதற்குள் தலைமடைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டதால் அவளைக் கரையேறச் சொன்னார்கள். மோகன்ராஜ் வீட்டுக் கூடத்தில் இலை போட்டார்கள். சுமலதா ஒரு பக்கம், பிரின்சி நடுவில், கொஞ்சம் தள்ளி மோகன்ராஜ். ரசம் ஊற்றியதும் அவர் இலையிலிருந்த ரசம் நேராகப் பிரின்சி இருந்த பக்கம் கிளம்பியது. மோகன்ராஜ் சோற்றை ஒதுக்கி ஓர் அணை கட்டி, சாப்பிட்டு முடித்தார். அடுத்த திங்கட்கிழமை சுமலதாவின் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு பொன்னேரி ஸ்டேஷன் வரை வந்தார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் வேகமாகப் போயின. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, கல்லூரி அணி, மாநில அணி, கடைசியில் கொசஸ்தலை எஃப்.சி. என்ற தொழில்முறைக் கழகம் இருவருக்கும் ஒப்பந்தம் கொடுத்தது. அதன் பயிற்சியாளர் தமிழ்செல்வி மணவாள நகரில் இருந்து ரயிலில் வந்து போகிறவர். ரயில் நேரத்தைத் தவிர வேறு எதையும் அதிசயமாகக் கருதாதவர். பிரின்சியைப் பற்றிச் சொன்னபோது, "தரை சாயுதா? சரி, சாஞ்ச பக்கம் பந்து வரும். வந்ததும் நீ இன்னா பண்ணுவ, அதச் சொல்லு," என்று மட்டும் கேட்டார். பிரின்சி செய்து காட்டினாள். அதிலிருந்து அவள்தான் அணியின் நடு. கேரளத்தில் ஆடும்போது மழைத் தண்ணீர் எல்லாம் அவளைச் சுற்றிக் குளமாகி, எதிரணியினர் கணுக்கால் நீரில் பந்தைத் தேடினார்கள். கொல்கத்தாவில் ஒரு ரசிகர் தவறவிட்ட ரசகுல்லா படிப்படியாக இறங்கி எல்லைக் கோடு வரை வந்து நின்றது. ஒடிசாவில் எதிரணி மேலாளர் புகார் கொடுத்து, ஒரு குழு ரசமட்டத்தோடு மைதானத்துக்குள் இறங்கியது. பிரின்சியை இங்கே நிறுத்தினார்கள், குமிழி அங்கே போனது. அங்கே நிறுத்தினார்கள், குமிழி இங்கே வந்தது. சாய்வு இரண்டு அணிக்கும் பொதுவானது, பந்தும் பொதுவானது, எனவே ஆட்சேபணை இல்லை என்று குழு தேநீர் குடித்துவிட்டுப் போனது. தேசிய முகாமுக்கும் அழைப்பு வந்தது. வெளிநாட்டு அணிகள் இங்கே வந்து ஆடியபோது அவளுடைய பாஸ்களைப் பார்த்து வேற்றுமொழிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தரை சாய்வதை அவர்கள் இந்திய மைதானங்களின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் போனால் அவர்கள் நாட்டு மைதானமும் அப்படித்தான் சாயும் என்பதை யாரும் சொல்லித் தெரிவிக்கவில்லை.

பிரின்சி கொடுத்த பந்துகளை எல்லாம் கோலாக்கியவள் சுமலதாதான். ஆனால் யார் எழுதினாலும் கொடுத்தவளைப் பற்றித்தான் எழுதினார்கள். ஒரு பருவத்தின் முடிவில், சென்னையின் கடற்கரை யுனைடெட் அணி அழைத்ததும் சுமலதா போய்விட்டாள். பிரின்சிக்கு அதைத் தமிழ்செல்வி சொல்லித்தான் தெரியும்.

அடுத்த ஆண்டு லீக்கின் கடைசி ஆட்டம் இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவே அமைந்தது. ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. ஆட்டம் தொடங்கியதும் கும்மிடிப்பூண்டியில் இருந்து போன கூட்டம் ஒரு விசித்திரத்தைப் பார்த்தது. கடற்கரை யுனைடெட் பந்தைத் தரையில் விடவே இல்லை. தலை, மார்பு, தொடை, பாதம், மறுபடி தலை என்று பந்து காற்றிலேயே போயிற்று, வந்தது. தரைதான் சாய்கிறது, காற்று சாய்வதில்லை என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி எதிரணி உடையில் இருந்தாள். பிரின்சி, காற்றாடியின் பின்னால் ஓடுகிற குழந்தை மாதிரி அண்ணாந்து பார்த்தபடி அங்குமிங்கும் ஓடினாள். சுமலதா தலையால் ஒரு கோல் போட்டாள். இரண்டாவதற்காக எழும்பிய பந்துக்குப் பிரின்சியும் எழும்பினாள். குட்டையானவள், எட்டவில்லை. இறங்கும்போது வலது முட்டி உள்பக்கமாக மடங்கியது. உள்ளே ஏதோ கயிறு அறுந்த மாதிரிச் சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து காலனி வீட்டுக்கு வந்து படுத்தாள். அவ்வளவு நாள் ஒரே இடத்தில் அவள் இருந்ததே இல்லை. ஒரு மாதம் போன பிறகுதான், அசையாமல் இருக்க இருக்கச் சாய்வு ஆழமாகிறது என்பது ஊருக்குப் புரிந்தது. முதலில் தெருப்பிள்ளைகளின் கோலிக்குண்டுகள் வந்தன. பிறகு பூசணிக்காய்கள், காலிக் குடங்கள், கேஸ் சிலிண்டர். ஒரு கேபிள் டிவி கம்பெனியின் மர உருளை, வழியில் யாரையும் இடிக்காமல், நெடுஞ்சாலைப் பாலத்தடியில் இருந்து வந்து வாசலில் நின்றது. பொருளைத் தேடி வந்தவர்கள் அப்படியே உள்ளே வந்து முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். சின்னப்பொண்ணு அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து மாய்ந்தாள். "பேஜாரா கீது. ஊரே உருண்டு வந்து எங்க ஊட்டு வாசல்ல நின்னா நான் எம்மாம் டம்ளர் கழுவறது?" என்றாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஸ்டேஷனில் இருந்து சிப்காட் வரை இன்ஜினை நிறுத்திவிட்டே வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் ராபின். அவனுடைய ஆட்டோதான் பிரின்சியை முட்டிப் பயிற்சிக்குச் சென்னை ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தது. கூப்பிடாத நாளிலும் ஆட்டோ வாசலுக்கு வந்து நின்றது. அன்பு வெளியே வந்து இன்னா தம்பி என்று கேட்டால், பிரேக் சரியா பிடிக்கல என்றான். ஒருநாள் பிரின்சியே ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"தெனம் வந்து நிக்கிறியே, டீசலு கட்டுப்படி ஆவுதா?"

"உன்னாண்ட வர்றதுக்கு செலவே இல்ல," என்றான் ராபின். "உட்டுட்டுப் போறதுக்குதான் செலவு."

பிரின்சி ஜன்னலைச் சாத்திவிட்டாள். ஆனால் சிரித்ததை அம்மா பார்த்துவிட்டாள். அடுத்த தை மாதம் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. மோதிரம் பாதிரியாரின் கையிலிருந்து தவறி விழுந்தது. யாரும் தேடவில்லை.

சுமலதா கல்யாணத்துக்கும் வரவில்லை. அதற்கு முன் மருத்துவமனைக்கும் வரவில்லை. அதுதான் பிரின்சிக்கு முட்டியை விட வலித்தது. உலகத்தில் உள்ள எல்லாமும் தன்னை நோக்கி வருகிறபோது, எது வரவில்லை என்பது நன்றாகத் தெரியும். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்கால நேரம், சுமலதா தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தாள். பிரின்சி வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வந்தியா."

"வந்தேன்."

"காத்து சாயாதுன்னு அவங்களாண்ட இன்னாத்துக்குடி சொன்ன?"

"ஜெயிக்கறதுக்கு. வேற இன்னாத்துக்கு?" சுமலதா நின்றுகொண்டே பேசினாள். "இத்தினி வருஷமா பேப்பர்ல இன்னா போட்டான்? பிரின்சி அற்புதமா குடுத்தா, சுமலதா தட்டி உட்டா. தட்டி உட்டேனாம்! எம்மாம் உயரத்துல வந்த பந்துடி அதெல்லாம். ஒரு வாட்டி நீ இல்லாம ஜெயிக்கணும்னு இருந்துச்சி. ஜெயிச்சேன். அதுக்கெல்லாம் மன்னிப்பு கேக்க மாட்டேன். முட்டிக்கு வேணா கேக்கறேன்."

பிரின்சி நீட்டியிருந்த காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தாள்.

"முட்டி நீ ஒடிக்கல. நான்தான் எட்டாத பந்துக்கு எகிறினேன்." பிறகு சொன்னாள்: "ரெண்டாவது கோலு நல்லா போட்ட."

"பாத்தியா?"

"கீழ கெடந்துக்கினு பாத்தேன்."

சுமலதா அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, எங்கே நட பார்க்கலாம் என்றாள். பிரின்சி எழுந்து, முதல் அடி வைக்கத் தயங்கி, சுவரைப் பிடித்தாள். டாக்டர்கள் முட்டி குணமாகிவிட்டது என்று சொல்லி மாதமாகியும் எதையாவது பிடிக்காமல் அந்த முதல் அடி மட்டும் வரவில்லை. சுமலதா அவளுடைய காலடியையே குனிந்து பார்த்தாள். பிறகு சொன்னாள். "நீ நிக்கற எடந்தானடி எப்பவும் பள்ளம். அதனால எந்தப் பக்கம் போனாலும் உனுக்கு மொத அடி மேடுதான். பயம் ஒண்ணும் இல்ல, மேடு. ஏறு." பிரின்சி ஏறினாள். இரண்டாவது அடி மட்டமாக இருந்தது. மறுநாளில் இருந்து சுமலதா தினமும் காலையில் வந்து, நாஷ்டாவை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, பொட்டலில் அவளை நடக்கவைத்து, பிறகு ஓடவைத்தாள். ஒப்பந்தம் முடிந்ததும் கொசஸ்தலை எஃப்.சி.க்கே திரும்பி வந்துவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம், கடற்கரை யுனைடெட்டில் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலி என்றாள்.

பிரின்சி திரும்பி வந்தபோது ஆட்டமே மாறியிருந்தது. எல்லா அணிகளும் காற்றில் ஆடப் பழகிவிட்டன. அவள் காலுக்குப் பந்து வருவது அரிதாகிவிட்டது. வேகமும் பாதியாகியிருந்தது. அவள் முடிந்தாள் என்று சிலர் எழுதினார்கள். தமிழ்செல்வி அவளைக் கடைசி அரைமணி நேரம் மட்டும் இறக்கினார். பிரின்சி அந்த அரைமணி நேரத்தில் பந்தைத் தேடி ஓடவில்லை. ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் நின்றாள். எவ்வளவு பழகினாலும் யாராவது ஒருத்தி பந்தைத் தவறவிடத்தானே செய்வாள்? தவறவிட்ட பந்து எங்கே வரும் என்பது தெரிந்திருப்பதால் எதிரணியின் தடுப்பாளர்களில் இருவர் அவளுக்குக் காவலாகக் கூடவே போனார்கள். அந்த இருவரும் விட்டுப்போன இடத்தில் சுமலதா ஓடினாள். இப்படியே பந்தைத் தொடாமல் பல ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்து, பிரின்சி அணியை மறுபடியும் லீக்கின் கடைசி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தாள். எதிரே கடற்கரை யுனைடெட். இடம் இரண்டு அணிக்கும் பொதுவாகக் கோழிக்கோடு. காலையில் இருந்தே மழை.

ஆட்டம் முடியப் போகும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். ஈரத்தில் பந்து கனமாகி, யாராலும் அதைக் காற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இடது பக்கத்தில் இருந்து ஒரு பந்து கோல் முன்னால் குறுக்கே வந்தது. பிரின்சி அதற்காகச் சறுக்கினாள். சரியான பாதை, சரியான நேரம், ஒரு விரற்கடை தூரம் எட்டவில்லை. பந்து போய்விட்டது. அவள் மட்டும் சேற்றில் வழுக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டி, கோலுக்குள் போய், வலையில் முதுகு முட்டி நின்றாள். முட்டிக்குள் ஒரு சுரீர். மறுபடியுமா என்று நினைத்தாள். காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே ஆட்டம் நிற்கவில்லை. கோல்கீப்பர் பந்தைக் குத்தித் தள்ளிவிட்டு வழுக்கி விழுந்தாள். பந்து சுமலதாவுக்கு வந்தது. சுமலதா ஓங்கி அடித்தாள். ஊன்றிய கால் சேற்றில் நழுவ, பந்து பாதத்தின் விளிம்பில் பட்டு, தடுக்க வந்தவர்களின் கால்களுக்கிடையே சோர்ந்து உருண்டு, கோல் கோட்டுக்கு ஓர் ஆள் நீளத்துக்கு முன்னால், மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்றேவிட்டது. தடுப்பாளர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். வலைக்குள் பிரின்சி பந்தைப் பார்த்தாள். முட்டியை மறந்து எழுந்து வரக் கையை ஊன்றினாள்.

"எந்திரிக்காதடி!" சுமலதா சேற்றில் குப்புறக் கிடந்தபடியே கத்தினாள். "அங்கியே குந்து! ஆடாத, அசையாத! குந்துடி!"

பிரின்சி உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு மைதானத்தில் எங்கும் போகவில்லை, யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். முதலில் தண்ணீர்தான் நகர்ந்தது. தேங்கிய நீரில் ஒரு கோடு விழுந்து, அது வாய்க்காலாகி, கோல் கோட்டைத் தாண்டி அவளிடம் ஓடி வந்தது. பிறகு பந்து, தூக்கம் கலைந்தது போல ஒரு அசைவு அசைந்து, கிளம்பியது. ஒரு தடுப்பாளர் எழுந்து ஓடி வந்து காலை நீட்டினாள், எட்டவில்லை. கோல்கீப்பர் தவழ்ந்து வந்து கையை நீட்டினாள். விரல் நுனியில் ஈரம்தான் பட்டது. பந்து கோட்டைத் தாண்டி, வலைக்குள் வந்து, பிரின்சியின் வலது முட்டியை ஒட்டி நின்றது.

நடுவர் அசாமைச் சேர்ந்த பெண்மணி. அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். கோலுக்குள் போய் விழுந்த ஆட்டக்காரர் பந்து உள்ளே வரும்போது அசையாமல் இருந்தால், யாரையும் தடுக்காமல் இருந்தால், கோல் செல்லும் என்கிறது சட்டம். பிரின்சி அசையவில்லை. அசைந்தது தரை, தரை எந்த அணியிலும் சேர்ந்ததில்லை. நடுவர் விசிலை ஊதி மைதானத்தின் நடுவைக் காட்டினார். முட்டி வெறும் சுளுக்குத்தான் என்று மருத்துவர் சொன்னார். கோப்பை, ரயிலில் மேல்படுக்கையில் ஒரு பெட்ஷீட்டுக்குள் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தது.

மறுநாள் செய்தித்தாளில், சுமலதாவின் அபார கோலால் கொசஸ்தலை அணி வெற்றி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். படமும் சுமலதாவுடையதுதான். பிரின்சி பெயர் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் மட்டும் இருந்தது. சுமலதா அதைப் பிரின்சி வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். பிறகு அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, எழுதின நிருபரைக் கூப்பிடச் சொல்லி, சண்டைக்கு நின்றாள். பிரின்சி வேண்டாம் என்று சைகை காட்டியதை அவள் கவனிக்கவில்லை.

"ஏன் சார், நான் அடிச்ச பந்து பாதி வழியிலயே நின்னுடுச்சி. அவ அங்க குந்தியிருந்ததால தரை சாஞ்சிதான் உள்ள போச்சி. அத்தப் போடவே இல்லியே நீங்க?"

மறுமுனையில் நிருபர் கொஞ்சம் குழம்பினார்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்," என்றார். "புதுசா எதுனா இருந்தா சொல்லுங்க, போட்டுடறோம்."